உளசமூகப் பணியின் பொருளாதாரப் பெறுமதி: மாங்கேணியும் வாகரைக் கரையும்

மனநோய்க்கான மருத்துவச் சிகிச்சை, உளவளத்துணை, குடிப்பழக்கத்தில் இருந்து மீள உதவுதல், நோயாளியின் வீட்டுக்கே சென்று பார்க்கும் சமூகப் பணி, சிறுவர்களுக்கான விளையாட்டும் கலையும் ஆகிய எல்லாம் உளசமூகப் பணியில் அடங்கும். இவற்றுக்குச் செலவிடும் பணம் எவ்வாறு, யார் கைக்குத் திரும்பி வருகிறது என்பதை ஆராய்வதே அதன் பொருளாதாரப் பெறுமதி பற்றிய ஆய்வு. இந்தத் துறைக்கு வலுவான அடித்தளம் இட்டது உலக வங்கியின் 1993ஆம் ஆண்டு அபிவிருத்தி அறிக்கை. அகால மரணத்தையும் இயலாமையையும் ஒரே அளவுகோலில் வைத்து, ஒரு நோய் சமூகத்திடம் இருந்து எத்தனை நலமான ஆண்டுகளைப் பறிக்கிறது என்று அது அளந்தது. மரணத்தை மட்டும் எண்ணிய பழைய கணக்கில் கண்ணில் படாதிருந்த மனச்சோர்வு, இந்த அளவுகோலில் முன்வரிசைக்கு வந்துவிட்டது.

மாங்கேணி, மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகரையில், கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில், திருகோணமலைக்குப் போகும் ஏ-15 வீதியில் உள்ள ஊர். வாகரைப் பிரதேசம் என்று பொதுவாக அழைக்கப்படும் இப்பகுதியின் பிழைப்பு கடலிலும் களப்பிலும் தோட்டப்பயிரிலும் கால்நடையிலும் தங்கியிருக்கிறது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. அதன் பிறகு போர் மீண்டும் மூண்டது. 2006 நவம்பர் 8இல், மாங்கேணிக்கு வடக்கே கதிரவெளியில், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலை மீது எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2007 ஜனவரியில் வாகரையை இராணுவம் கைப்பற்றியபோது பிரதேசமே கிட்டத்தட்டக் காலியாகித் தெற்கு நோக்கி நகர்ந்திருந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் இருமுறை தோணியையும் வலையையும் மாட்டையும் இழந்த குடும்பத்திடம், மனத்தின் காயம் வேறு, பொருளின் நட்டம் வேறு என்று பிரித்துக் கணக்கெழுத முடியாது.

சிகிச்சையின் விலை என்று நாம் நினைப்பது பெரும்பாலும் மருந்தின் விலையைத்தான். இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் மருந்தும் ஆலோசனையும் இலவசம். ஆனால் தீவிர மனநோய் உள்ள ஒருவருக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியை எடுத்துக்கொள்வோம். அதற்கு மட்டக்களப்பு நகருக்குப் போகவேண்டியிருந்தால், அங்கிருந்து வாழைச்சேனையே முப்பது கிலோமீற்றருக்கு மேல். மாங்கேணி அதற்கும் வடக்கே. கிளினிக் நாளில் நோயாளியோடு தாயோ மனைவியோ துணைக்குப் போகிறார். இரண்டு பேருக்குப் பஸ் காசு, வெளியில் ஒரு சாப்பாடு, இரண்டு பேரின் ஒருநாள் உழைப்பு. கரைவலை இழுக்கப் போகிறவருக்குக் கூலி பங்காகக் கிடைக்கும். வலை வளைத்த அன்று கயிற்றில் கை வைக்காதவருக்குப் பங்கு இல்லை. ஆகவே இலவச ஊசி உண்மையில் இலவசம் அன்று. காசு இல்லாத மாதத்தில் ஊசி தவறுகிறது. பிறகு நோய் மீண்டும் முற்றி, விடுதியில் வாரக்கணக்கில் படுக்க நேர்கிறது. அந்தச் செலவை அரசும் குடும்பமும் சேர்ந்து சுமக்கின்றன.

இந்தச் சிக்கலை நேராகத் தொடும் ஆய்வு ஒன்று கர்நாடகக் கிராமங்களில் நடந்தது. ஆர். சீனிவாச மூர்த்தியும் அவருடைய குழுவினரும், அதுவரை சிகிச்சை பெறாத நூறு மனச்சிதைவு நோயாளிகளை ஊருக்கே சென்று கண்டறிந்து, சிகிச்சை கொடுத்துத் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவுகள் 2005இல் வெளிவந்தன. மருந்துக்கும் ஊர்ப் பயணத்துக்குமான செலவு கூடியது. அதே வேளை, பிற வைத்தியங்களுக்காக அலைந்த செலவும், நோயாளியைப் பார்த்துக்கொள்ளக் குடும்பத்தார் கொடுத்த நேரமும் குறைந்தன. கூடிய செலவை இந்தக் குறைவு ஈடுசெய்தது. வைத்தியசாலையின் பற்றுவரவை மட்டும் பார்த்தால் இந்த இலாபம் ஒருபோதும் தென்படாது. அது மீள்வது வீட்டுக்குள், பெரும்பாலும் ஒரு பெண்ணின் பகல் பொழுதாக. உளசமூகப் பணிக்குப் பணம் ஒதுக்கும்போது அதிகாரிகள் தயங்குவதற்கு இதுவே முதற்காரணம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பணம் கொடுப்பவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர்.

மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான பாதிப்புகளுக்குக் கோவாவில் நடந்த ஆய்வு முக்கியமானது. விக்ரம் பட்டேலின் சங்காத் நிறுவனம், மருத்துவப் பின்னணி இல்லாத உள்ளூர்வாசிகளுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உளவளத்துணையாளர்களாக அமர்த்தியது. அரச நிலையங்களில் இந்த முறை நோயாளிகளை நலமாக்கியதோடு மொத்தச் செலவையும் குறைத்தது என்று 2012இல் வெளியான பொருளாதார மதிப்பீடு காட்டியது. உலக அளவில், 36 நாடுகளை வைத்து 2016இல் வெளியான கணக்கு, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சிகிச்சையை விரிவாக்கச் செலவிடும் ஒவ்வொரு டொலருக்கும் நான்கு டொலர் பெறுமதியான உடல்நலமும் உழைப்பும் திரும்பும் என்கிறது. இந்த இரண்டு பாதிப்புகளாலும் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்கள் இழக்கப்படுகின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆனால் மாதச் சம்பளம் வாங்குபவரின் வேலைநாளைக் கணக்கிடுவது போல, வாடைக்காற்றையும் மீன்பாட்டையும் நம்பியிருப்பவரின் நாளைக் கணக்கிட முடியாது. உலகச் சராசரியை மாங்கேணிக்கு அப்படியே பொருத்துவது தவறு.

குறைந்த செலவில் பெரும்பயன் கிடைத்ததற்கு இலங்கையிலேயே மிகத் தெளிவான எடுத்துக்காட்டு வேறோர் இடத்தில் இருக்கிறது. 1995ஆம் ஆண்டளவில் நாட்டின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என்ற அளவில் உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாக இருந்தது. அதிக நச்சுள்ள பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு அது பெருமளவு வீழ்ந்தது. 1995 முதல் 2015 வரை சுமார் 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்றும், ஓர் உயிருக்கு அரசின் நேரடிச் செலவு 50 டொலருக்கும் குறைவு என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். விளைச்சலும் இதனால் விழவில்லை. ஒரு கட்டுப்பாட்டு விதி இத்தனை மலிவாக இத்தனை பேரைக் காத்தது என்பதை நாம் இன்னும் போதிய அளவு பேசவில்லை. (மன நெருக்கடியில் இருப்பவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.)

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக்கு வந்த உதவிப் பணம் வேறொரு பாடம். வந்த வேகத்தில் பல நிறுவனங்கள் திரும்பிப் போயின. நிலைத்தது அரச கட்டமைப்புக்குள் போன பணம்தான். 2005இல் நாட்டுக்கு மனநலக் கொள்கை ஒன்று ஏற்பட்டது. சுனாமிக்கு முன் பத்து மாவட்டங்களில் மட்டும் இருந்த மனநலச் சேவைக் கட்டமைப்பு பின்னர் 27 சுகாதார மாவட்டங்களில் இருபதுக்கு விரிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் பதிவு செய்தது.

எல்லா முயற்சியும் ஒரே அளவில் பலன் தருவதில்லை. வட இலங்கையில் போர் பாதித்த 399 மாணவர்களிடையே நடந்து 2012இல் வெளியான பாடசாலைத் திட்ட ஆய்வில் சில பிள்ளைகளுக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் திட்டத்தில் சேர்ந்த பெண்பிள்ளைகளின் அதிர்ச்சி அறிகுறிகள், சேராத பெண்பிள்ளைகளின் அளவுக்குக் குறையவில்லை. அளவிடவே முடியாத பலனும் உண்டு. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குத் தமிழ், முஸ்லிம் ஊர்களின் பிள்ளைகள் ஒன்றாக வந்து மண்ணிலும் வண்ணத்திலும் விளையாடினார்கள். போர்க்காலத்தில் அந்தப் பிள்ளைகள் ஒரே முற்றத்தில் இருந்ததற்கு விலை போட எந்தச் சூத்திரமும் போதாது. விலை போட முடியாத காரணத்தால் அதை வரவுசெலவுத் திட்டத்தில் இருந்து வெட்டுவது அநியாயம்.

வறுமைக்கு உளவளத்துணை தீர்வாகுமா என்ற கேள்விக்குக் கென்யக் கிராமங்களில் விடை தேடினார்கள். 2020இல் வெளியான அந்த ஆய்வில், ஐந்து வார உளவளத்துணை மட்டும் பெற்றவர்களிடம் ஓராண்டின் பின் பொருளாதார மாற்றமோ மன மாற்றமோ தென்படவில்லை. ரொக்கப் பணம் பெற்றவர்களிடம் இரண்டும் தென்பட்டன. வாகரைக் கரைக்கு இது மிகப் பொருந்தும். கிழக்கில் பெண்களின் மன உளைச்சலுக்குப் பெருங்காரணங்களுள் ஒன்று வாராவாரம் கட்டவேண்டிய நுண்கடன். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்ததே அதன் கடுமைக்குச் சான்று. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே நாளில் 340 ரூபாவானபோது, தோணி இயந்திரம் ஓட்டுபவரின் வீட்டில் தூக்கம் கெட்டதற்கு மாத்திரை மட்டும் மருந்தாகாது. அந்த வீட்டுக்குச் செல்லும் உளசமூகப் பணியாளர் கடன் தவணை அட்டையையும் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும். அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பம் எழுதவும் பிரதேச செயலகத்துக்குக் கூடப் போகவும் அவருக்கு நேரமும் பயணப்படியும் இருக்கவேண்டும். திட்டத்தின் செலவுப் பட்டியலில் முதலில் வெட்டப்படுவது வழக்கமாக அந்தப் பயணப்படிதான்.