பொதிகையின் மஞ்சள் செருப்பு

தூத்துக்குடி என்றால் உங்களுக்கு முத்துதானே ஞாபகம் வரும்? அந்தக் கடலில் பெரிய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. கரையிலேயே நிற்காமல், புன்னைக்காயல் பக்கம் கடலில் கலக்கும் தாமிரபரணியைப் பிடித்துக்கொண்டு மேற்கே மலையேறுங்கள். ஆறு பிறக்கிற பொதிகையிலும் ஒரு முத்து உண்டு. அது ஓர் ஆர்க்கிட் பூ!

1865-ல் அதைக் கண்டவர் கர்னல் ட்ரூரி. சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம், 1874-ல் அவர் பெயரையே அதற்குச் சூட்டினார். மஞ்சள் இதழ், நடுவில் பழுப்புக் கோடு, கீழே செருப்பு முனை மாதிரி ஒரு குட்டிப் பை. தென்னிந்தியாவில் இந்தச் 'செருப்பு' ஆர்க்கிட் இனத்தில் இது ஒன்றுதான்.

இதன் சொந்தக்காரர்கள் பலரும் காட்டு நிழலில் வாழ்கிறவர்கள். அதே பழக்கத்தில் இதையும் இருட்டு மூலையில் வைத்தால், இலை மட்டும் கரும்பச்சையாகத் தளதளவென்று வளரும், பூவைக் காணோம்! (உங்கள் வீட்டு ஆர்க்கிட்டும் அப்படி இருந்தால், ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள்.) பொதிகைக்காரரோ, உயரமான புல்சரிவில், பாறை இடுக்கில், வெயில் குடித்து வளர்ந்தவர்.

அதுவே வினையாயிற்று. வெட்டவெளியில் மஞ்சளாகப் பூத்தால் யார் கண்ணில்தான் படாது? ஆர்க்கிட் பைத்தியங்களுக்காக வேரோடு அள்ளினார்கள். புல்வெளித் தீ வேறு. அடியோடு அழிந்துவிட்டது என்று கைகழுவிய பிறகு, 1972-ல் மறுபடி கண்ணில் பட்டது. சும்மா விட்டார்களா? திரும்பவும் அள்ளல்!

இன்று காட்டுச் செடியை நாடு விட்டு நாடு விற்க சர்வதேசத் தடை இருக்கிறது. திருவனந்தபுரம் அருகே பாலோடு தாவரவியல் பூங்காவில், விஞ்ஞானிகள் பொடி போன்ற விதையைக் கண்ணாடிக் குப்பியில் முளைக்கவைத்து, நாற்றாக்கி, மலைக்கே கொண்டுபோய் நட்டார்கள். நிழலில் அல்ல, வெயிலில்!