சமநிலை நம்பிக்கை வினாநிரல்
விழுந்துவிடாமல் அன்றாட வேலைகளைச் செய்ய முடியும் என்று முதியவர் தம்மீது வைத்திருக்கும் நம்பிக்கையை அளக்கும் கருவி. கனடாவைச் சேர்ந்த பவல், மையர்ஸ் இருவரும் 1995-இல் வெளியிட்டனர். 16 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 சதவீதம் வரை மதிப்பெண். சராசரி 50-க்குக் கீழே போனால் நடமாட்டம் மிகவும் ஒடுங்கியிருக்கிறது எனக் கொள்வர். குறைந்த மதிப்பெண்ணை அலட்சியப்படுத்தக் கூடாது: பயந்தவர் நடப்பதைக் குறைக்கிறார், கால் தசை தளர்கிறது, விழும் வாய்ப்பு கூடுகிறது.

வினாக்கள் கனடா வாழ்க்கையை ஒட்டியவை. கடைசி வினா பனி உறைந்த நடைபாதை பற்றியது. பெங்களூரு சிவாஜிநகரில் அதைக் கேட்டுப் பயனில்லை. மழையில் நனைந்து, வடிகால்மேல் ஏறியிறங்கிக் கிடக்கும் கற்பலகைகளே இங்கே அதற்கு ஈடு. காரில் ஏறி இறங்குவதற்குப் பதில் பி.எம்.டி.சி. பேருந்துப் படியைக் கேட்கலாம். நகரும் படிக்கட்டு பற்றிய இரண்டு வினாக்கள், 2011-இல் நம்ம மெட்ரோ ஓடத் தொடங்கியபின் இந்நகருக்கும் பொருந்துகின்றன. அத்தகைய படிக்கட்டில் ஏறியே இராதவரிடம் ‘ஏற நேர்ந்தால்’ என்று கேட்க வேண்டும்.

பள்ளி செல்லாத பாட்டியிடம் சதவீதம் எடுபடாது. நூறு ரூபாயில் எத்தனை ரூபாய் அளவுக்குத் தைரியம் என்று கேட்டால் பதில் வரும். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என வீட்டுமொழியிலேயே கேட்பது அவசியம். வினாவை மாற்றினால், நம்பகத்தன்மையையும் புதிதாகச் சோதித்தாக வேண்டும்.