அதிகரிப்பது நிலநடுக்கங்களா?

மியான்மரில் 2025 மார்ச்சில் 7.7 அளவிலான நிலநடுக்கம். நான்கே மாதங்களில் ரஷியாவின் கம்சாத்கா கடற்பகுதியில் 8.8. அதற்கு ஈராண்டுகளுக்கு முன் துருக்கி. பூமி முன்னெப்போதும் இல்லாத வகையில் கொந்தளிக்கிறதோ என்று படித்தவர்களே கேட்கின்றனர். புவியியல் எனது துறையன்று. ஆயினும், பொருளியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்த ஐயத்தை எண்களைக்கொண்டு அணுக விரும்புகிறேன்.

ஏறத்தாழ 1900 முதலான பதிவுகளின்படி, 7 அல்லது அதற்கு மேற்பட்ட அளவிலான நிலநடுக்கங்கள் உலகில் ஆண்டுக்குச் சராசரியாக 15 அல்லது 16 நிகழ்கின்றன. 1989-இல் அந்த எண்ணிக்கை பத்தைக்கூட எட்டவில்லை. 2010-இல் இருபதைத் தாண்டியது. சராசரி 15 எனில், தற்செயல் நிகழ்வுகளில் திட்ட விலக்கம் ஏறத்தாழ 4. எனவே ஓராண்டில் 8, மற்றோர் ஆண்டில் 22 என்பதில் வியப்பில்லை. தற்செயல் என்றால் சீரான இடைவெளி என்று பொருளன்று. அது கொத்துக்கொத்தாகவும் வரும். 9 அல்லது அதற்கு மேற்பட்ட நிலநடுக்கங்கள் 1952, 1960, 1964 என 12 ஆண்டுகளில் மூன்று. பிறகு 40 ஆண்டுகள் ஒன்றுமில்லை. 2004-இல் சுமத்ரா, 2011-இல் ஜப்பான். அந்த நீண்ட அமைதியில் வளர்ந்த தலைமுறைக்கு, சுனாமிக்குப் பிந்தைய காலம் அசாதாரணமாகத் தோன்றுவது இயல்பே.

கருவிகள் பெருகியதால் பதிவாகும் சிறு அதிர்வுகள் கூடியுள்ளன. பெரியவை முன்பும் கணக்கில் தப்பியதில்லை.

பெருகியிருப்பது, அதிரும் நிலத்தின்மீது நாம் எழுப்பியுள்ள கட்டடங்களே. கம்சாத்காவில் வெளிப்பட்ட ஆற்றல் மியான்மரைப்போல் சுமார் 45 மடங்கு. ஆனால், மக்கள் நெருக்கம் குறைந்த அப்பகுதியில் பெரும் உயிரிழப்பு இல்லை. மியான்மரிலோ 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுமார் 1,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பாங்காக்கில், கட்டுமானத்தில் இருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றும் சரிந்தது.

துருக்கியின் கதை பொருளியல் படித்தவனுக்குக் கூடுதல் வேதனை தருவது. விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் பெற்றுக்கொண்டு முறைப்படுத்தும் திட்டம் அங்கு 2018-இல் நடைமுறைக்கு வந்தது. (வரன்முறைப்படுத்துதல் என்ற சொல் நமக்கும் புதிதன்று!) நிலநடுக்கத்தைத் தாங்கும் வலுவுக்கு உரிமையாளரே பொறுப்பு என்று அச்சட்டம் கைகழுவிக்கொண்டது. வருவாய் கருவூலத்துக்கு, ஆபத்து குடியிருப்பவருக்கு. 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் அந்நாட்டில் 50,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வட அனத்தோலியப் பிளவின் அருகே, ஒன்றரைக் கோடிப் பேர் வாழும் இஸ்தான்புல்லில் வலுவற்ற கட்டடங்களை இடித்துக் கட்டும் பணி இன்னும் முடிந்தபாடில்லை.