பைக்குள் மடிந்த மைதானம்: கோல்ஃப் வலையின் கதை

களனிவெளிப் பாதையில் கொழும்பிலிருந்து அவிசாவளைப் பக்கம் ரயிலில் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். பொரளைப் பக்கம் வரும்போது, வீடுகளும் மதில்களும் நெருங்கி நிற்கிற நகரத்துக்கு நடுவில் திடீரென்று யன்னலுக்கு வெளியே பச்சைப் புல்வெளி விரியும். அது றோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின் மைதானம். தண்டவாளமே அதற்குள்ளால்தான் போகிறது.

18 குழிகள் உள்ள ஒரு முழு கோல்ஃப் மைதானத்துக்குச் சாதாரணமாக 50, 60 ஹெக்டயர் நிலம் வேண்டும். ஆனால் அதே விளையாட்டைப் பழகுவதற்கு இன்று தோள்பையில் அடங்குகிற ஒரு வலை விற்கிறார்கள். விரித்தால் அகலமும் உயரமும் இரண்டு, மூன்று மீற்றர். ஐந்து நிமிடத்தில் முற்றத்தில் நிறுத்தலாம். பழகி முடிந்ததும் மடித்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடலாம்.

அவ்வளவு பெரிய நிலம் எப்படி ஒரு பைக்குள் போனது? இதை ஒரு தனி ஆளின் கண்டுபிடிப்பு என்று சொல்ல ஏலாது. மீன்வலை பின்னியவர்கள், கூடாரம் கட்டியவர்கள், மரம் அரிந்தவர்கள் என்று கோல்ஃப் கழக வாசலையே மிதிக்காத கனபேரின் கைவேலை அந்தப் பைக்குள் இருக்கிறது.

பொதுநிலத்தில் தொடங்கியது

கோல்ஃப் எண்டாலே பணக்காரர் விளையாட்டு என்றுதான் நமக்குப் பழக்கம். தொடக்கம் அப்படி இல்லை. 1457இல் ஸ்கொட்லாந்து நாடாளுமன்றம் உதைபந்தாட்டத்தையும் கோல்ஃபையும் தடைசெய்து ஒரு சட்டம் போட்டது. இளைஞர்கள் அம்பெய்யப் பழகாமல் இவற்றில் பொழுதைப் போக்குகிறார்கள் என்பதுதான் அரசின் கவலை. சட்டம் போட்டுத் தடுக்கிற அளவுக்குச் சாதாரண சனங்களிடம் பரவியிருந்த விளையாட்டு அது. கடற்கரையோரம் பயிர் செய்ய உதவாத மணல் மேடுகள், ஆடு மேய்கிற பொதுநிலங்கள், இவைதான் மைதானம். சென் அன்ட்ரூசில் உள்ள பழைய மைதானம் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட்டுக்கு மூடப்பட்டு, ஊர்ச்சனம் நடந்து திரிகிற பூங்காவாக இருக்கிறது.

பிறகு கழகங்கள் வந்தன, வேலிகள் வந்தன. பிரித்தானியப் பேரரசு போன இடமெல்லாம் கோல்ஃபும் போனது. கொழும்பில் 1879இல் கழகம் தொடங்கியபோது ஆட்டம் காலிமுகத்திடலில்தான் நடந்தது. 1896இல் பொரளைக்கு மாறியது. மலைநாட்டில் தோட்டத்துரைமாருக்கு நுவரெலியாக் கழகம் கிடைத்தது. திறந்த திடலிலிருந்து அங்கத்தவர் மட்டும் ஆடும் நிலத்துக்கு இந்த விளையாட்டு போன வழியை நம்மட நாட்டிலேயே பார்க்கலாம்.

நிலம் வேலிக்குள் போனால் ஆட்டம் மட்டும் இல்லை, பழகுவதும் வேலிக்குள் போய்விடும். கிரிக்கெட்டை ஒழுங்கைக்குள் பழகலாம். உதைபந்தை ஒரு சுவரில் அடித்துப் பழகலாம். கோல்ஃப் பந்தோ சரியாக அடிபட்டால் 200 மீற்றர் போகும், பிழையாக அடிபட்டால் பக்கத்து வீட்டு யன்னலுக்குப் போகும். ஆகவே பந்தைப் பக்கத்திலேயே மறிக்கிற ஒன்று தேவைப்பட்டது.

பந்தை மறிப்பது லேசில்லை

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டன், நியூயோர்க் போன்ற நகரங்களில் உள்ளரங்கக் கோல்ஃப் பள்ளிகள் இருந்தன. குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாதவர்கள் மண்டபத்துக்குள் தொங்கிய வலைக்கோ தடித்த துணிக்கோ அடித்துப் பழகினார்கள். அந்தக் காலத்து வலை பருத்தியாலோ சணலாலோ ஆனது. பாரம் கூட. மழையில் நனைந்தால் உக்கும். உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டால் அந்த இடத்தோடு சரி.

வலைக்கு என்ன வேலை இருக்கிறது என்று ஒருக்கால் கணக்குப் பார்ப்போம். விதிப்படி ஒரு கோல்ஃப் பந்தின் நிறை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது. விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் தூர அடி அடித்தால் பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகம் மணிக்கு 270 கிலோமீற்றருக்குக் கிட்ட, அதாவது செக்கனுக்கு 75 மீற்றர். அதன் இயக்கச்சக்தி ஏறக்குறைய 130 யூல். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வீசப்பட்ட கிரிக்கெட் பந்திலும் 120 யூல் அளவுதான் இருக்கும். ஒரு வேகப்பந்துவீச்சாளரின் பந்தில் உள்ள சக்தி, அதைவிடச் சின்னப் பந்துக்குள் அடைந்து வருகிறது எண்டு வைத்துக்கொள்ளுங்கோ.

இப்ப ஒரு கேள்வி. வலையை இறுக்கிக் கட்டுவது நல்லதா, தளர விடுவது நல்லதா? இறுக்கினால்தான் பலம் என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரி. பந்து 5 சென்ரிமீற்றருக்குள் நின்றாக வேண்டும் என்றால், வலை சராசரியாக 260 கிலோ பாரத்துக்குச் சமமான விசையைத் தாங்கவேண்டும். அதே பந்து வலையைத் தள்ளிக்கொண்டு ஒரு மீற்றர் போய் நின்றால் 13 கிலோ பாரத்தளவு விசைதான். இறுக்கிய வலை பந்தை அடித்தவரின் முகத்துக்கே திருப்பி அனுப்பவும் கூடும். ஆகவே நல்ல கோல்ஃப் வலை தளர்ந்து, கீழே பாரமில்லாமல் திரைச்சீலை மாதிரித் தொங்கும். வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுக்கிறோமே, அதே தத்துவம்.

இதிலிருந்து மற்ற விதிகளும் வருகின்றன. வலைக்கண் பந்தைவிட நல்லாச் சின்னதாக இருக்கவேண்டும். சட்டத்தின் குழாய்கள் பந்துக்கு முன்னால் தெரியக்கூடாது, தெரிந்தால் பஞ்சு சுற்றவேண்டும். வலைக்கும் பின்சுவருக்கும் இடையில் வெளி விடவேண்டும். இந்த வெளியை மறந்து சுவரோடு ஒட்டி வலை கட்டினால், வலை இருந்தும் சுவருக்குத்தான் அடிக்கிறோம்.

நைலோன் வந்த பிறகு

1935இல் அமெரிக்காவின் டுபொன்ட் நிறுவனத்தில் வொலஸ் கரோதர்ஸ் நைலோனை உருவாக்கினார். 1938இல் அது உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அதில் பெண்களின் காலுறை வந்தது, பிறகு யுத்தத்தில் பரசூட்டும் கயிறும். யுத்தம் முடிந்ததும் அது மீன்பிடி வலைக்குள் வந்தது. பருத்தி வலையை மரப்பட்டை அவித்த சாயத்தில் தோய்த்து, காயவைத்து, மறுபடி தோய்த்துப் பாதுகாத்த காலத்தைக் கரையோர ஊர்களில் வயதானவர்களிடம் கேட்டால் சொல்லுவார்கள். நைலோனுக்கு அந்த வேலை இல்லை. உக்காது, பாரம் குறைவு, எல்லாவற்றையும்விட முக்கியமாக அறாமல் இழுபடும். மீன் துள்ளும்போது வலையைக் காப்பாற்றுகிற அந்த இழுவைதான் கோல்ஃப் பந்தையும் நிறுத்துகிறது. வெயில் மட்டும் நைலோனுக்குச் சத்துரு. வெளியே கிடந்தால் வலுவிழக்கும். அதனால்தான் இன்றைய கோல்ஃப் வலைகள் பலவற்றில் பொலியெஸ்டர் நூலும் வெயில் தாங்கும் பூச்சும் சேர்ந்தன.

பாரம் குறைந்தவுடன் வலை மண்டபத்தை விட்டு வீட்டுக்கு வந்தது. அதில் ஒரு வலை கோல்ஃப் வரலாற்றையே மாற்றியது. கலிஃபோர்னியாவின் சைப்ரஸ் நகரில், வியட்நாம் யுத்தத்துக்குப் போய்த் திரும்பிய ஏர்ள் வூட்ஸ் என்ற கறுப்பினத் தகப்பன் தன் கராஜுக்குள் வலை கட்டிப் பந்தடித்துப் பழகினார். 1975 டிசம்பரில் பிறந்த மகன் உயரக் கதிரையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வயதாக முன்னமே கதிரையால் இறங்கிவந்து தானே அடித்தான் என்று ஏர்ள் பிறகு சொல்லியிருக்கிறார். அந்தக் குழந்தைதான் டைகர் வூட்ஸ்.

இந்தக் கதையை மற்ற ஆண்டுகளோடு சேர்த்து வாசிக்கவேண்டும். அமெரிக்கத் தொழில்முறைக் கோல்ஃப் சங்கத்தின் விதிகளில் வெள்ளையர் மட்டும் என்ற பிரிவு 1961 வரை இருந்தது. மாஸ்டர்ஸ் போட்டியில் முதலாவது கறுப்பின வீரராக லீ எல்டர் ஆடியது 1975இல். அந்தப் போட்டி நடக்கும் ஒகஸ்டா கழகம் ஒரு கறுப்பினத்தவரை அங்கத்தவராக ஏற்றது 1990இல். டைகர் அங்கே 12 அடி வித்தியாசத்தில் வென்றது 1997இல், 21 வயதில். பெண்களை அங்கத்தவராக ஏற்க அதே கழகத்துக்கு 2012 வரை எடுத்தது. கராஜில் தொங்கிய வலை யாரிடமும் தோலின் நிறம் கேட்கவில்லை. வாசல் காவலாளி கேட்டார்.

நகரத்தையே மூடிய வலை

யப்பானில் இதே பிரச்சினை வேறு உருவில் வந்தது. 1957இல் தோக்கியோவுக்குக் கிட்ட உள்ள கசுமிகசெக்கியில் நடந்த கனடாக் கிண்ணத்தை யப்பான் அணி வென்றதும் நாடே கோல்ஃப் பைத்தியமானது. சனம் கூட, நிலம் குறைவு. 1980களின் இறுதியில் பெயர்பெற்ற சில கழகங்களின் அங்கத்துவம் பத்துக் கோடி யென்னையும் தாண்டி விலைபோனது. பங்குச்சந்தை மாதிரி அதை வாங்கி விற்றார்கள். சாதாரண ஊழியருக்கு மிச்சம் இருந்தது நகரத்து நடுவே இரண்டு, மூன்று மாடிகளில் நின்று அடிக்கிற பயிற்சித் தளம். சுற்றிவர இரும்புத் தூண்கள், அவற்றில் வானளவு பச்சை வலை. வருடக்கணக்காக அங்கே அடித்துப் பழகியும் உண்மையான மைதானத்தை அருமையாகவே மிதிக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

நிரந்தர வலைக்கு எதிரி காற்று. 2019 செப்டெம்பரில் ஃபக்சாய் சூறாவளி வந்தபோது சீபா மாகாணத்தின் இச்சிஹாரா நகரில் ஒரு பயிற்சித் தளத்தின் தூண்களும் வலையும் பக்கத்து வீடுகளுக்கு மேல் சரிந்தன. பெரிய வலை காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. கழற்றி மடிக்கக்கூடிய வலைக்கு இந்த ஆபத்து இல்லை. காற்று வந்தால் உள்ளே எடுத்துவிடலாம்.

மடிக்கும் வித்தை

மடிக்கிற வலைகளில் மூன்று குடும்பங்கள் உண்டு. முதலாவது, குழாய்ச் சட்டம். குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பூட்டுவது. பலமானது, ஆனால் பாரம் கூட, பூட்ட நேரமும் எடுக்கும்.

இரண்டாவது, கூடாரத்திலிருந்து வந்தது. துண்டு துண்டான கண்ணாடியிழைக் கம்பிகளுக்குள்ளால் ஒரு இலாஸ்ரிக் கயிறு ஓடும். உதறினால் நீளக் கம்பியாகும். அதை வில்லாக வளைத்து வலையின் மூலைகளில் செருகினால், நிமிரத் துடிக்கிற கம்பி வலையை விரித்துப் பிடிக்கும். வளைந்த கம்பிகளின் இழுவிசையில் ஒரு கூடாரமே நிற்கலாம் என்பதை 1975இல் நோர்த் ஃபேஸ் நிறுவனம் வெளியிட்ட குவிமாடக் கூடாரம் மலையேறிகளுக்குக் காட்டியது. கோல்ஃப் வலைக்கு அதே தத்துவம் சின்ன அளவில்.

மூன்றாவதுதான் பார்க்க வடிவானது. வலையைச் சுற்றி ஒரு மெல்லிய உருக்குப் பட்டி வளையம். இரண்டு கையாலும் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினால் அது மூன்று சின்ன வளையங்களாகச் சுருண்டுவிடும். ஒவ்வொரு சுற்றும் பழைய விட்டத்தில் மூன்றில் ஒன்று. ஆகவே 2 மீற்றர் வளையம் 67 சென்ரிமீற்றர் பைக்குள் போகும். பையைத் திறந்தால் தானாகப் பாய்ந்து விரியும். படப்பிடிப்பாளர்களின் ஒளித்தட்டிலும் கார் கண்ணாடியின் வெயில் மறைப்பிலும் இதைக் கண்டிருப்பீர்கள். மரத்தச்சர்கள் தங்கள் பட்டிவாளை இப்படித்தான் மூன்றாகச் சுருட்டித் தொங்கவிடுவார்கள். அது ஏன் அப்படி மடிகிறது என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 2012இல் கணிதத்தோடு விளக்கினார்கள். தச்சரின் கைக்கு அது முன்னமே தெரிந்திருந்தது.

மடிப்பதற்கும் ஒரு விலை உண்டு. பாரம் குறையக் குறைய வலை லேசாகச் சரியும். அதைச் சரிப்பது பெரும்பாலும் பந்து இல்லை, காற்றுத்தான். புல்லில் முளை அடிக்கலாம், சீமெந்து முற்றத்தில் மணல்பைதான் கதி. மடிக்கும் வலை வடிவமைப்பவர்கள் இன்றுவரை இழுபடுவது இந்த இடத்தில்தான்: தூக்க லேசாக இருக்கவேண்டும், நிற்கப் பாரமாக இருக்கவேண்டும்.

வலை தராதது

2020இல் கொரோனாவால் உலகின் பல நாடுகளில் மைதானங்கள் மூடப்பட்டன. இங்கிலாந்தில் மே 13 வரை ஆட்டமே இல்லை. அப்போது பெரிய ஆட்டக்காரர்களும் எங்களைப் போன்றவர்கள் மாதிரி முற்றத்தில் வலை கட்டி அடித்தார்கள். கொஞ்சக் காலத்துக்கு எல்லாரும் ஒரே அளவு நிலத்தில் நின்றார்கள்.

ஆனால் வலைக்கு ஒரு குறை இருக்கிறது. பந்து எங்கே போய் விழுந்திருக்கும் என்று அது சொல்லாது. நேராகப் போனதா, வளைந்ததா, குளத்துக்குள் விழுந்ததா, தெரியாது. அடித்த சத்தத்தையும் கையில் பட்ட உணர்வையும் வைத்து ஊகிக்கவேண்டியதுதான். தென் கொரியாவில் 2000இல் தொடங்கிய கோல்ஃப்சோன் போன்ற நிறுவனங்கள் வலை இருந்த இடத்தில் திரையை வைத்து, கருவியால் பந்தை அளந்து, அது போயிருக்கக்கூடிய வழியைப் படமாகக் காட்டின. அந்தப் பதிலுக்கு மணித்தியாலக் கணக்கில் காசு கட்டவேண்டும்.

அதற்காக வலையைக் குறைத்து மதிப்பிடவேண்டாம். திறமை பிறக்க 60 ஹெக்டயர் தேவையில்லை என்று அது காட்டியிருக்கிறது. மூன்று மீற்றரும் ஒரு பழைய மட்டையும் போதும். பழகியவருக்கு ஆட இடம் கொடுப்பது மட்டும் வலையால் ஆகாத காரியம். அது நிலத்தை வைத்திருப்பவர்களின் கையில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆடு மேய்ந்த பொதுநிலத்தில் தொடங்கிய விளையாட்டு என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துவது நம்மட வேலை.