வெளியேறும் நாளுக்குப் பிறகு: அமெரிக்காவில் பதின்வயதினருக்கான போதை மறுவாழ்வு இல்லங்களின் வளர்ச்சி (1952–2024)

முன்னுரை

பிள்ளை போதையில் சிக்கிய வீட்டில், எல்லா வழிகளும் அடைபட்ட ஒரு நாளில் யாராவது ஒருவர் சொல்வார்: "எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்." அந்தச் சொல்லில் களைப்பு இருக்கிறது, பாசமும் இருக்கிறது. சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஒரு நாட்டின் எழுபதாண்டு அனுபவத்தை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்காவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பதின்வயதினருக்கென்றே தனி மருத்துவமனையை அந்நாடு 1952இலேயே திறந்தது. அங்கிருந்து வெளியேறியவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்துப் பதிவும் செய்தது. வெற்றிகளோடு வெட்கப்பட வேண்டிய தோல்விகளும் அப்பதிவுகளில் இருக்கின்றன. அவற்றைக் கால வரிசையில் படித்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. பிள்ளையைச் சேர்க்கும் நாளை மட்டும் நினைத்துக் கட்டிய இல்லங்கள் தோற்றன. வெளியேறும் நாளுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தபோதெல்லாம் சேவை ஒரு படி முன்னேறியது.

ஆற்று நடுவே ஒரு மருத்துவமனை

1952க்கு முன் இளையோருக்கெனத் தனி ஏற்பாடு கிடையாது. கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் 1935இல் திறந்த மத்திய அரசின் 'நார்காட்டிக் ஃபார்ம்' சிறையும் மருத்துவமனையும் பண்ணையும் சேர்ந்த ஒரு நிறுவனம். கைதிகளும் தாமாக வந்தவர்களும் அங்கே ஒன்றாகத் தங்கினர். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க் நகரப் பள்ளிச் சிறுவர்களிடம் ஹெராயின் பரவியபோது, அவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து வைப்பது ஆபத்து என்ற கவலை எழுந்தது. அதன் விளைவாக 1952 ஜூலையில், 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக நார்த் பிரதர் தீவில் ரிவர்சைடு மருத்துவமனை திறக்கப்பட்டது.

இடத்தேர்வே அக்கால மனநிலையைச் சொல்கிறது. ஈஸ்ட் ஆற்றில், பிராங்க்ஸ் கரைக்கு எதிரே இருக்கும் சுமார் 20 ஏக்கர் தீவு அது. 1880களிலிருந்து அம்மை, காசநோய் முதலிய தொற்றுநோயாளிகளை நகரம் அங்கேதான் ஒதுக்கி வைத்தது. 'டைஃபாய்டு மேரி' என்று அறியப்பட்ட மேரி மாலன் பல்லாண்டுகள் அங்கே அடைக்கப்பட்டிருந்து, 1938இல் அங்கேயே இறந்தார். 1940களில் காசநோய்க்காகக் கட்டிய கட்டடத்தில் இப்போது இளைஞர்களைத் தங்கவைத்தார்கள். போதையும் தொற்றுநோய்தான், ஊரிலிருந்து விலக்கி வைத்தால் தீரும் என்ற எண்ணம் அந்தப் படகுப் பயணத்திலேயே அடங்கியிருந்தது.

உள்ளே நல்ல ஏற்பாடுகள் இருந்தன. சுமார் 140 படுக்கைகள், மனநல மருத்துவர்கள், சமூகப் பணியாளர்கள், வளாகத்திலேயே ஒரு பள்ளி என்று அக்காலத்துக்கு அது தாராளமான திட்டம். ஆனால் வந்தவுடன் போதை நிறுத்தத்தின் உடல் அவதியைப் பூட்டிய அறையில்தான் கழிக்க வேண்டும். அந்த அறைகளின் சுவர்களில் பிள்ளைகள் கீறிய எழுத்துகளைப் பின்னாளில் தீவுக்குச் சென்றவர்கள் படம் எடுத்திருக்கிறார்கள். வெளியே விடச் சொல்லும் குரல்கள் அவை.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரே டிரஸ்ஸெல் குழுவினர், 1955இல் அங்கே சேர்ந்த 247 பேரைச் சில ஆண்டுகள் கழித்துத் தேடிச் சென்றனர். பெரும்பாலோர் பழைய பழக்கத்துக்கே திரும்பியிருந்தனர். 11 பேர் இறந்துவிட்டனர். போதையின்றி வாழ்ந்தவர்கள் 8 பேர் மட்டுமே. தாங்கள் முன்பும் அடிமையாக இருந்ததில்லை என்று அந்த எட்டுப் பேரும் சொன்னார்கள். மருத்துவமனை 1963இல் மூடப்பட்டது.

மூடியதோடு கதை முடிந்ததாகக் கொள்ளக்கூடாது. ரிவர்சைடின் தோல்விக்குப் பணியாளர்களின் அலட்சியத்தைக் காரணம் காட்டிவிடவும் முடியாது. பிள்ளை தீவிலிருந்து படகேறி அதே தெருவுக்கு, அதே நண்பர்களிடம், அதே வேலையில்லாத மாலைகளுக்குத் திரும்பினான். அங்கே அவனுக்காக யாரும் காத்திருக்கவில்லை. அந்தக் கணக்கெடுப்பு இல்லாதிருந்தால் இந்த உண்மையும் தெரிந்திருக்காது.

சினனான் முதல் ஃபீனிக்ஸ் வரை

மருத்துவமனைகள் கைவிட்ட இடத்தில், மீண்டவர்களே இல்லம் நடத்தும் முறை எழுந்தது. 1958இல் சார்லஸ் டெடரிக் கலிஃபோர்னியாவில் சினனானைத் தொடங்கினார். போதையிலிருந்து மீண்டவர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, சமைத்து, கழுவி, உழைத்து, ஒருவரை ஒருவர் திருத்துவதே மருந்து என்பது அதன் கொள்கை. வட்டமாக உட்கார்ந்து ஒருவரை மற்றவர்கள் கடும் சொற்களால் தாக்கும் கூட்டத்துக்கு 'கேம்' என்று பெயர். பொய்யை உடைக்கும் வழி என்று அது புகழப்பட்டது. பின்னாளில் சினனான் மூடிய மதக்குழுவாக மாறியது. 1978இல் தனக்கு எதிராக வழக்காடிய வழக்கறிஞரின் தபால் பெட்டியில் கொடிய விரியன் இனப் பாம்பொன்றை வைக்கும் அளவுக்கு அது போனது. 1991இல் கலைந்தது.

இதற்குள் அதன் முறை கிழக்குக் கரைக்குப் பரவியிருந்தது. 1963இல் நியூயார்க்கில் டேடாப், 1967இல் ஃபீனிக்ஸ் ஹவுஸ் தோன்றின. 'சிகிச்சைச் சமூகம்' என்று இவ்வகை இல்லங்களுக்குப் பெயர். புதிதாக வந்தவர் பாத்திரம் தேய்ப்பதில் தொடங்கிப் பொறுப்பான வேலைக்குப் படிப்படியாக உயர்வார். காலையில் எல்லோரும் கூடிப் பேசுவார்கள். தவறு செய்தவருக்குத் தலையை மழிப்பதும் கழுத்தில் அட்டை மாட்டுவதும் ஆரம்ப காலத் தண்டனைகள்.

இந்த இல்லங்களில் பதின்வயதினர் கணிசமாகச் சேரத் தொடங்கியபோதுதான் முக்கியமான கேள்வி எழுந்தது. 'மறுவாழ்வு' என்கிறோம். முப்பது வயதுக்காரர் இழந்த வேலையையும் குடும்பத்தையும் மீட்க வருகிறார். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மீட்பதற்கு முன்வாழ்வு ஏது? அவனுக்கு முதல் வாழ்வே இனிமேல்தான். அவன் தானாக வருவதில்லை. பெற்றோரோ நீதிமன்றமோ அனுப்பித்தான் வருகிறான். நண்பர்கள் முன் தலைகுனிவது பெரியவரை உலுக்கலாம். வளரும் பிள்ளையை அது நொறுக்கிவிடும். இதை உணர்ந்த இல்லங்கள் தங்கும் காலத்தைக் குறைத்தன, வளாகத்துக்குள் பள்ளியைக் கொண்டுவந்தன, குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்த்தன, கடுஞ்சொல் கூட்டங்களின் வேகத்தைத் தணித்தன. பதின்வயதினருக்கான உறைவிடச் சேவையில் உள்ளிருந்தே எழுந்த முதல் பெரிய சீர்திருத்தம் இதுவே.

அவமானமே மருந்தென்ற காலம்

எல்லா இல்லங்களும் இப்பாடத்தைக் கற்கவில்லை. 1970இல் ஃப்ளோரிடாவில் ஆர்ட் பார்க்கர் தொடங்கிய 'தி சீட்', சினனானின் கடுமையை மட்டும் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் மேல் செலுத்தியது. 1974இல் செனட்டர் சாம் எர்வின் தலைமையிலான துணைக்குழு, அதன் முறைகளை வட கொரியர் கையாண்ட மூளைச்சலவையோடு ஒப்பிட்டது. ஆனாலும் அதே முறை 1976இல் 'ஸ்ட்ரெய்ட்' என்ற பெயரில் மறுபடி எழுந்து பல மாநிலங்களுக்குப் பரவியது.

ஸ்ட்ரெய்டின் அன்றாடம் இப்படி இருந்தது. புதிதாக வந்த பிள்ளை தனியாக நடக்கக் கூடாது. மூத்தவன் ஒருவன் அவன் கால்சட்டையின் பின்பக்க பெல்ட் வளையத்தைப் பிடித்துக்கொண்டே வருவான், கழிவறைக்கும்கூட. பகல் முழுக்க வரிசை நாற்காலிகளில் உட்கார வேண்டும். பேச வாய்ப்புக் கேட்டுக் கைகளை வெறியோடு ஆட்ட வேண்டும். இரவில் சொந்த வீட்டுக்குப் போக முடியாது. திட்டத்தில் முன்னேறிய வேறொரு பிள்ளையின் வீட்டில் பூட்டிய அறையில் தூங்க வேண்டும். அப்போதைய அதிபரின் மனைவி நான்சி ரீகன் இதை ஆதரித்தார். 1985இல் இளவரசி டயானாவும் அவருடன் வந்து பார்த்தார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒழுக்கம் தெரிந்தது. உள்ளே இருந்தவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 1983இல் சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்காக ஒரு கல்லூரி மாணவருக்கு 2,20,000 டாலர் வழங்க நடுவர் குழு தீர்ப்பளித்தது. வழக்குகளும் உரிமச் சிக்கல்களும் சேர்ந்து 1993இல் ஸ்ட்ரெய்டை மூடவைத்தன.

இதே காலத்தில் காப்பீட்டுப் பணம் இன்னொரு திசையில் கதவைத் திறந்தது. பெற்றோர் சம்மதித்து, நடுநிலையான மருத்துவர் ஒருவர் ஒப்புக்கொண்டால் சிறாரை மனநல மருத்துவமனையில் சேர்க்கலாம் என்று 1979இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தனியார் மனநல மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட சிறார் 1980இல் 10,764 பேர். 1984இல் 48,375 பேர். நான்கே ஆண்டுகளில் பிள்ளைகளின் நோய் நாலு மடங்காகப் பெருகிவிடாது. காலிப் படுக்கையும் காப்பீட்டுத் தொகையும் சேர்ந்து, யாருக்கு உறைவிடச் சிகிச்சை தேவை என்ற கேள்வியை ஓரம் கட்டின.

எண்ணிப் பார்க்கத் தொடங்கிய ஆண்டுகள்

1990களில் மருத்துவ ஆராய்ச்சி இத்துறைக்குள் உறுதியாக நுழைந்தது. 1993–95இல் நான்கு நகரங்களின் 23 திட்டங்களில் சேர்ந்த 1,167 பதின்வயதினரை ஒரு தேசிய ஆய்வு பின்தொடர்ந்தது. வாரம் ஒரு முறையாவது கஞ்சா பயன்படுத்தியவர்கள் சிகிச்சைக்கு முந்திய ஆண்டில் 80.4 சதவீதம்; பிந்திய ஆண்டில் 43.8 சதவீதம். நீண்ட நாள் தொடர்ந்தவர்களுக்குப் பலனும் கூடியது. ரிவர்சைடின் எட்டுப் பேரோடு ஒப்பிட்டால் இது பெரிய நம்பிக்கை. ஆனாலும் பத்தில் நான்கு பேர் திரும்பவும் வாரந்தோறும் பயன்படுத்தினார்கள் என்பதையும் அதே எண் சொல்கிறது.

அடுத்து, லாஸ் ஏஞ்சலஸில் நீதிமன்றம் அனுப்பிய 449 சிறாரை ராண்ட் ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தது. ஃபீனிக்ஸ் ஹவுஸ் நடத்திய ஃபீனிக்ஸ் அகாடமியில் தங்கியவர்கள், வேறு இல்லங்களுக்குப் போனவர்களைவிட ஓராண்டு முடிவில் போதைப் பழக்கத்திலும் மனநிலையிலும் நன்றாக இருந்தனர். ஆனால் ஏழெட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. நல்ல இல்லம் நல்ல தொடக்கத்தைத் தருகிறது. அதை யாரும் தொடராவிட்டால் காலம் கரைத்துவிடுகிறது.

தொடர்வது எப்படி என்பதற்கு இல்லினாய் மாநிலத்தின் செஸ்ட்நட் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு வழி காட்டினார்கள். உறைவிடச் சிகிச்சை முடித்த 183 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல் "இந்த மையத்துக்குப் போ" என்று பரிந்துரைச் சீட்டு. மறு பிரிவினரிடம் ஆலோசகரே வீடு தேடிப் போனார். சுமார் மூன்று மாதம் பிள்ளையோடும் பெற்றோரோடும் பேசினார், பள்ளியில் சேர உதவினார், போதை இல்லாத பொழுதுபோக்குகளை அவனோடு சேர்ந்து தேடினார். இந்தப் பிரிவினர் தொடர் கவனிப்பில் கூடுதலாக நிலைத்தனர். கஞ்சாவைத் தவிர்ப்பதிலும் முன்நின்றனர். ரிவர்சைடின் படகுத்துறையில் நிற்காமல் போன அந்த ஒருவர், அரை நூற்றாண்டு கழித்து இப்படி வாசலில் வந்து நின்றார்.

கண்காணிப்பும் உரிமையும்

சேவையின் தரம் சிகிச்சை முறையில் மட்டும் இல்லை, பிள்ளையின் பாதுகாப்பிலும் இருக்கிறது என்பதை 2007 அக்டோபரில் அரசுத் தணிக்கை அலுவலகம் நாட்டுக்கு உணர்த்தியது. வனப்பகுதி முகாம்கள் உள்ளிட்ட தனியார் திட்டங்களில் நடந்த 10 மரணங்களை அது விரிவாக ஆராய்ந்தது. அவற்றுள் ஒன்று 15 வயதுச் சிறுமியுடையது. நடைப்பயணத்தில் உடல் நீர் வற்றித் தவித்தவள் நடிக்கிறாள் என்று ஊழியர்கள் எண்ணினார்கள். 2005இல் மட்டும் 33 மாநிலங்களில் 1,619 ஊழியர்கள் துன்புறுத்தல் சம்பவங்களில் தொடர்புபட்டதாகவும் அந்த அறிக்கை பதிவுசெய்தது.

தேசிய அளவில் சட்டம் வர 17 ஆண்டுகள் ஆயின. முன்பு இல்லங்களில் வாடிய பிள்ளைகளே வளர்ந்து வந்து சாட்சி சொன்னதன் பலனாக, நிறுவனங்களில் சிறார் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2024 டிசம்பரில் கையெழுத்தானது. பெரும்பகுதி ஆய்வையும் தகவல் திரட்டலையும் கேட்கும் சட்டம்தான் அது. ஆனாலும் எண்ணிப் பார்ப்பது அரசின் கடமை என்று அது ஒப்புக்கொண்டது.

ஃபெண்டனில் காலம்

இன்று ஆபத்தின் அளவே மாறிவிட்டது. 10 முதல் 19 வயதுக்குள் அளவு மீறிய போதையால் நிகழும் மாத மரணங்கள், 2019இன் பிற்பாதிக்கும் 2021இன் பிற்பாதிக்கும் இடையே 109 சதவீதம் உயர்ந்தன. பெரும்பாலானவற்றில் ஹெராயினைப் போன்ற, ஆனால் அதைவிட வீரியமான 'ஃபெண்டனில்' என்ற செயற்கை ஓபியாய்டு இருந்தது. சில வாரம் இல்லத்தில் இருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. அதனால் வெளியேறிய முதல் நாட்களே உயிருக்கு மிக ஆபத்தானவை.

ஓபியாய்டு ஏக்கத்தைத் தணித்து உயிரைக் காக்கும் பியூப்ரினார்ஃபின் மருந்து, 16 வயதிலிருந்தே அங்கீகரிக்கப்பட்டது. பதின்வயதினருக்கும் அதைத் தர வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016இல் வலியுறுத்தியது. 2022இல் ஆய்வாளர்கள், மரணத்தின் விளிம்புவரை போய் வந்த 16 வயதுப் பிள்ளையின் அத்தை அல்லது மாமா போலப் பேசி, நாடு முழுவதும் இளையோர் இல்லங்களுக்குத் தொலைபேசியில் அழைத்தனர். தொடர்புகொள்ள முடிந்த 160 இல்லங்களில் 39 மட்டுமே அம்மருந்தைத் தந்தன. ஒரு நாள் தங்க சராசரியாக 878 டாலர். காத்திருக்க வேண்டிய இடங்களில் ஏறத்தாழ நான்கு வாரம். அந்த நான்கு வாரத்தை ஒரு தாய் எப்படிக் கடப்பாள் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

முடிவுரை

இந்த வரலாறு உறைவிடச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் பாதுகாப்பில்லாத பிள்ளைக்கும், வெளிநோயாளி சிகிச்சை பலிக்காத பிள்ளைக்கும் அது உயிர் காக்கும் இடம். ஆனால் நல்ல இல்லத்துக்கு நான்கு அடையாளங்கள் இருக்க வேண்டும் என்று எழுபதாண்டுகள் கற்பிக்கின்றன: யாருக்கு இது தேவை என்று மருத்துவர் மதிப்பிட்ட பிறகே சேர்ப்பது; அவமானப்படுத்தாமல், படிப்பையும் குடும்பத்தையும் உள்ளடக்கி நடத்துவது; தேவையான மருந்தைத் தயங்காமல் தருவது; வெளியேறிய பின் வீடு தேடிச் செல்வதும் ஓராண்டு கழித்து எண்ணிப் பார்ப்பதும்.

இப்பாடங்கள் நமக்கும் அந்நியமல்ல. முகர்ந்து போதை ஏற்றும் பசை, கரைப்பான் போன்றவற்றைப் பெரியவர்களைவிட 10–17 வயதினரே கூடுதல் விகிதத்தில் பயன்படுத்துகிறார்கள் என்று 2019இல் வெளியான இந்தியத் தேசிய அளவீடு காட்டியது: பெரியவர்களில் 0.58 சதவீதம், பிள்ளைகளில் 1.17 சதவீதம். ஆகவே, பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் இல்லத்தின் கட்டடத்தையும் கட்டணத்தையும் கேட்பதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: "இவன் வீட்டுக்கு வந்த முதல் வாரம், உங்களிடமிருந்து யார் வருவார்?"

நார்த் பிரதர் தீவு இன்று பறவைகளின் காப்பிடம். மரங்கள் மூடிய அக்கட்டடத்துக்குள் யாரும் அனுமதியின்றிப் போக முடியாது. அங்கிருந்து கரை சேர்ந்த 247 பேரை ஆய்வாளர்கள் தேடிப் போனது, எல்லாம் முடிந்து ஆண்டுகள் ஆன பிறகு. முதல் வாரத்திலேயே யாராவது தேடிப் போயிருந்தால், அந்த எட்டு என்ற எண் அவ்வளவு சிறியதாக இருந்திருக்க வேண்டியதில்லை.