நித்தி கனகரத்தினமும் ஈழத்துப் பொப்பிசையும்: முள்ளியவளையிலிருந்து ஒரு நோக்கு

முள்ளியவளை என்றதும் ஆய்வாளர் நினைவுக்கு வருவது கோவலன் கூத்து. வற்றாப்பளைக் கண்ணகியம்மன் பொங்கலை ஒட்டிக் கடல்நீரில் விளக்கெரியும் காட்டு விநாயகர் கோயில் இவ்வூரிலேயே உள்ளது. அவ்வழிபாட்டுச் சூழலில் வேரூன்றிய கூத்து பற்றி எழுதப்பட்டவை பல. ஆனால் இதே ஊரின் கலியாண வீடுகளில் எவரும் கற்றுக்கொடாமலே பாடப்பட்டுவரும் ‘சின்ன மாமியே’ பற்றி ஆராய்ச்சியுலகம் அதிகம் பேசியதில்லை. அதனை நாட்டார் பாடல் என்றே கருதுவோரையும் நாம் கண்டிருக்கிறோம்.

அதனை ஆக்கியவர் நித்தி கனகரத்தினம். உரும்பிராயைச் சேர்ந்த இவர், 1960களில் அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் பயின்ற காலத்தில் கிற்றாருடன் பாடத் தொடங்கியவர். அச்சூழல் கவனிக்கத்தக்கது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நிலம் அது. 1956 இல் இனவன்முறை நிகழ்ந்த நிலமும் அதுவே. பத்தாண்டு கழித்து அங்கேயே ஒரு தமிழ் இளைஞர், சிங்கள மக்களிடையே பரவியிருந்த பைலாத் தாளத்தில் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழைப் பொருத்தினார். பைலாவோ போர்த்துக்கேயர் வருகையின் வழியாகக் கரையோரச் சாதாரண மக்களிடம் தங்கிய இசை.

பாடலின் அமைப்பைச் சற்று நின்று நோக்குவோம். முறைமருமகன் மாமியிடம் அவள் மகளைப் பற்றி வினவுகிறான்; மாமி சினந்து மறுமொழி கூறுகிறாள். கூத்தின் தர்க்கப் பாடலுக்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படை. சொத்துக் குடும்பத்தை விட்டுப் போகாமற் காக்கும் முறைமணமும், 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியால் வீட்டுக்கு வெளியே வந்த பெண்ணும் இதில் மோதுகின்றனர். அவள் படிப்பே அவனுக்கு ஐயத்தைத் தருகிறது. அந்தப் பெண் மட்டும் பாடலில் வாய் திறப்பதில்லை. சிரிப்புப் பாட்டு என்று இதனைத் தள்ளிவிட்டோர் இந்த மௌனத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்ற அவரது மற்றைய பாடலில் உழைப்பவன் வீட்டின் துயரே பொருள். ஆயினும் குடியை ஒழுக்கக்கேடாகக் காண்பதோடு அது நின்றுவிடுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1970க்குப் பின் இந்தியச் சஞ்சிகைகள், திரைப்படங்கள் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமை உள்ளூர்க் கலைஞருக்கு ஓரளவு இடமளித்தது. பொப்பிசை மேடைகளும் பெருகின. எனினும் பெரும்புகழ் ஏ. ஈ. மனோகரனுக்கே வாய்த்தது. ‘சுராங்கனி’ 1977 இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தின் வழியாகத் தமிழகமெங்கும் பரவியது. அவரும் திரைப்பட நடிகராகிச் ‘சிலோன் மனோகர்’ ஆனார். தென்னிந்தியச் சந்தையின் முத்திரை விழாத நித்தி பின்னர் அவுஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்தார்.

நாம் சார்ந்து நிற்கும் மார்க்சிய விமர்சன மரபுக்கும் இப்புறக்கணிப்பிற் பங்குண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை மேடைக்கு மீட்டெடுத்ததை எம்மவர் தேசியப் பண்பாட்டெழுச்சியாகச் சரியாகவே இனங்கண்டனர். ஆனால் கிற்றாரைக் கண்டதும் மேற்குலகக் கழிவு என்று முகஞ்சுழித்தனர். ஆர்மோனியமும் மேற்கிலிருந்து வந்ததே. அது கூத்துக் கொட்டகையில் ஏறியபோது எவரும் அதன் பிறப்புச் சான்றிதழைக் கேட்கவில்லை. மனோகரன் 2018 சனவரியில் சென்னையிற் காலமானபோது இரங்கற் குறிப்புகள் பல வெளிவந்தன. நித்தியின் பாடல்களோ இன்னும் முறையான ஆய்வுப் பதிப்பை வேண்டி நிற்கின்றன. அப்பணியை வன்னியின் கலியாண வீடுகளிலிருந்தே தொடங்கலாம்.