எண்ணிக்கையும் நம்பிக்கையும்

தேர்தல் நெருங்கும் வேளையில், தாம் விரும்பும் அபேட்சகர் பின்தங்கிவிட்டார் என்ற பேச்சுக் காதில் விழுந்ததும், ஆதரவாளர் பலர் வாக்களிக்கு முன்னரே மனத்தால் தோற்றுவிடுகின்றனர். அந்நிலையில் நம்பிக்கை கொள்வது பேதைமையா, கடமையா? கொழும்பு மாநகரின் வரலாறு இதற்கு விடை கூறுகின்றது.

இலங்கைச் சட்டநிரூபண சபையின் உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர்களை முன்னர் தேசாதிபதியே நியமித்து வந்தார். 1910ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், படித்த இலங்கையர் தமக்கென ஓர் அங்கத்தவரைத் தேர்ந்தெடுக்க வழிசெய்தது. ஏறக்குறைய 41 இலட்சம் மக்கள் வாழ்ந்த தீவில் வாக்காளர் சுமார் 3,000 பேரே. பெண்களுக்கு வாக்கில்லை, கொட்டாஞ்சேனைத் தொழிலாளிக்கும் இல்லை.

1911 டிசம்பரில் நடந்த அத்தேர்தலில் இருவர் போட்டியிட்டனர். ஒருவர் டாக்டர் மார்க்கஸ் பர்னாந்து. சிங்களவர், பேர்பெற்ற வைத்தியர், செல்வாக்கு மிக்கவர். மற்றவர் பொன்னம்பலம் இராமநாதன். சொலிசிற்றர் ஜெனரல் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற அறுபது வயதினர். தந்தையார் கொச்சிக்கடையில் எழுப்பிய சிவன் கோயிலை அவர் கருங்கல்லாற் புதுப்பித்துக்கொண்டிருந்த காலம் அது.

வாக்காளர் இடாப்பிற் சிங்களவரே மிகுதி. இனக்கணக்கு ஒன்றையே பார்த்தவருக்கு இராமநாதன் தொடக்கத்திலேயே பின்தங்கியவராகத் தோன்றியிருப்பார். முடிவோ வேறாயிற்று. இராமநாதனுக்கு 1,645 வாக்குகள், பர்னாந்துவுக்கு 981.

இதனை இன ஒற்றுமையின் தூய வெற்றி என்று மட்டும் புகழ்தல் முழு உண்மையாகாது. பர்னாந்து கராவ வகுப்பினர். கொவிகம வகுப்பினர் பலர் அவருக்கெதிராக இராமநாதனை ஆதரித்தனர் என்பது வரலாற்றாசிரியர் கருத்து. எனினும், மக்களை ஒரே கோட்டாற் பிரித்து எண்ணும் கணக்கு, அவர்கள் உள்ளத்திலுள்ள மற்றக் கோடுகளைக் காணாது என்பது இதனாற் புலனாகும்.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. கொழும்பு வடக்கில் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். தேர்தல் வழக்கினால் அப்பதவியை இழந்தார். ஆதரவாளர் சோர்ந்து ஒதுங்கவில்லை. 1932 இடைத்தேர்தலில் அவர் மனைவியார் நேசம் சரவணமுத்துவை வெற்றிபெறச் செய்தனர். 1936இலும் அவரையே அனுப்பினர். 1937இல் டாக்டர் சரவணமுத்து கொழும்பின் மேயரானார்.

1948இல் அமெரிக்காவிலும் கருத்துக் கணிப்புகள் ட்ரூமன் தோற்பார் என்றே கூறின. சிக்காகோப் பத்திரிகை ஒன்று, டூயி வென்றார் எனத் தலைப்பிட்டே வெளிவந்தது. வென்றவரோ ட்ரூமன்.

பின்தங்கியவர் அனைவரும் வெல்வர் என்று இவற்றாற் கொள்ளலாகாது. 1911இல் பர்னாந்துவுக்கு வாக்களித்த 981 பேரும் நம்பிக்கையுடனேயே சென்றிருப்பர். முன்கூட்டிய கணக்கைத் தீர்ப்பாக ஏற்று வீட்டிலிருந்துவிடாமல், இரு தரப்பினருமாக அன்று 2,626 பேர் வாக்களித்தனர். வெற்றி ஒருவர்க்கே உரியது; வாக்குச்சாவடிவரை நடந்து செல்லும் நம்பிக்கை இரு தரப்பார்க்கும் உரியது.